இருபத்திரண்டு கிலோ

மின்கட்டண ரசீதின் முதுகில் கூட்டிப் பார்த்தேன்.
எஃப்ராயினின் மூச்சுக் கருவி, இரவுக்கு முந்நூறு வாட்மணி.
இன்சுலின் இருக்கும் குட்டி ஃபிரிட்ஜ், நாளுக்கு நானூறு.
மின்விசிறி.
மின்விசிறியை அடித்தேன்.
ஜூலையை நினைத்து மறுபடி எழுதினேன்.

ஆயிரத்துப் பெட்டி போதாது.
இரண்டாயிரமோ இருபத்திரண்டு கிலோ.
"கைப்பிடி இருக்கிறதே" என்றான் கடைக்காரன்.
கைப்பிடி இருக்கிறது,
என் வீட்டுக்குப் பதினேழு படியும் இருக்கிறது.
அரிசி வரிசைக்குப் போய்
இருபது கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு
சோப்பு, பிஸ்கட், நாய்த்தீனி வரை நடந்தேன்.
ஆட்கள் வழிவிட்டார்கள்.

ஆயிரத்தில் இரண்டு கொடு, என்றேன்.
ஒன்று வெயிலில் மேயட்டும்
ஒன்று கட்டிலடியில் படுத்திருக்கட்டும்.

சோலார் பலகைக்கு இடம் தேடியபோதுதான் தெரிந்தது,
வில்ஃப்ரெடோவின் ஈரப்பலா
பத்தரைக்கே என் கூரையில் நிழலாக ஏறிவிடுகிறது.
மூன்று நாள் சாக்பீஸால் கோடு கிழித்தேன்.
"வெட்டிவிடவா?" என்றார் வேலிக்கு அப்பால்.
வேண்டாம்.
புயல் கழிந்த முதல் வாரம்
அது உதிர்த்ததைத்தான் அவித்துத் தின்றோம்.

இப்போது பலகை இரண்டும் அவர் கூரையில்.
கம்பி அந்த மரத்தின் மேலேயே ஊர்ந்து வருகிறது.
வாடகை: அவருக்கு ஒரு பல்பு, ஒரு வானொலி.

நேற்று மாலை ஆறு பத்துக்கு
உத்துவாதோ மலை முழுக்க இருண்டது.
திரையில் எழுபத்தொரு சதவீதம்.
அவர் பல்பு மட்டும் எரியவில்லை.
கத்திக் கேட்டேன்.
"இருக்கட்டும் மிக்தாலியா,
எஃப்ராயின் தூங்கி எழட்டும்."

வானொலியை அணைக்கவில்லை, மனுஷன்.
எட்டாவது இன்னிங்ஸ்.