அறுபத்திரண்டு

கேரவன்களுக்குத் திரைச்சீலை தைப்பது என் வேலை,
ஹல் நகரத்தில், பதினெட்டாவது வருஷம்.
ஜனவரியில் மூன்று திரைச்சீலைகள் திரும்பி வந்தன.
நேராக ஓட வேண்டிய தையல்
குடித்தவன் வீடு திரும்புகிற மாதிரி போயிருந்ததாம்.
மேற்பார்வையாளன் ஒன்றும் சொல்லவில்லை,
சாக்கட்டியால் வட்டம் போட்டிருந்தான்.
வட்டம் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

மருந்துக்கடை சுழல் ஸ்டாண்டில்
மூன்று பவுண்டுக்கு ஒன்று மாட்டிப் பார்த்தேன்.
இடக்கண் ஒப்புக்கொண்டது,
வலக்கண் முடியாது என்றுவிட்டது.

பெரிய கடை ஜன்னலில் 'பரிசோதனை இலவசம்'
என் உயரத்துக்கு எழுதியிருந்தது.
அதைப் படிக்க யாருக்கும் கண்ணாடி வேண்டாம்.
உள்ளே ஃபிரேம் நூற்று முப்பத்தொன்பது,
லென்ஸ் மெலிய அறுபது,
கூசாமலிருக்கப் பூச்சு நாற்பத்தைந்து,
கீறாமலிருக்க இன்னொரு பூச்சு.
இரண்டாவது ஜோடி சும்மா என்றான் பையன்;
சும்மா ஜோடிக்கும் பூச்சுக்குக் காசு.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
யோசித்துவிட்டு வருகிறேன் என்றேன்.
அவன் முகம் வாடியிருக்கலாம்.
கைக்கெட்டும் தூரத்தில்
எல்லா முகமும் எனக்குக் கலங்கல்தான்.

ஹெஸ்ல் ரோட்டில், மீன்கடைக்கு மாடியில்,
திருமதி ஹார்கிரேவ் இருபத்தைந்து வாங்கினார்.
நாற்பது நிமிஷம்.
இதுவா, அதுவா? முன்னதா, பின்னதா?
பள்ளிக்கூடத்தில்கூட என் அபிப்பிராயத்தை
இத்தனை தடவை யாரும் கேட்டதில்லை.
கண்ணுக்குள் விளக்கடித்து
என் ரத்தக்குழாய்களைப் படமாகக் காட்டினார்,
குளிர்காலத்து மரம்போல.
நரம்பு நன்றாயிருக்கிறது, அழுத்தம் பதினாறு.
"நீங்கள் காசு கொடுத்தது இதற்கு.
கண்ணாடி எங்கே மலிவோ அங்கே வாங்குங்கள்,"
என்று சீட்டைக் கையில் கொடுத்தார்.

இணையத்தில் இருபத்துநாலு பவுண்டு.
எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன்.
ஒரு கட்டம் மட்டும் கேட்டது:
கண்மணிக்கும் கண்மணிக்கும் எவ்வளவு தூரம்?
சீட்டில் அது இல்லை.
குளியலறை நிலைக்கண்ணாடிமுன் தையல் டேப்போடு நின்றேன்.
ஐம்பத்தெட்டு. அறுபத்தாறு. அறுபத்தொன்று.
இந்த லட்சணத்தில் தைத்தால்
எட்டுத் திரைச்சீலையும் திரும்பி வரும்.

மேல்வீட்டு பொகுமில் தச்சன்.
அக்டோபரில் குப்பைத்தொட்டி மூடியில்
ஏதோ எழுதி ஒட்டினான்.
யாருக்கென்று தெரியாதா எனக்கு?
அன்றிலிருந்து பேச்சில்லை.
கதவைத் தட்டினேன்.
"ஸ்கேல் இருக்கிறதா?"
"எதை அளக்க?"
"என்னை."

சிரிக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்தான்.
எஃகு ஸ்கேல் மூக்குத்தண்டில் சில்லென்றது.
பைன் மரத்தூள் வாசம்.
"தூரமாகப் பாருங்கள், மார்லீன்."
என் பெயர் தெரிந்திருக்கிறது.
அவன் தோளுக்கு மேலே
ஒரு காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
என் கண்ணை ஒருவன்
இவ்வளவு பக்கத்தில் பார்க்கிறான்,
எனக்கோ அவன் முகம்
நனைந்த காகிதம்.
"அறுபத்திரண்டு."
மறுபடி வைத்தான். அறுபத்திரண்டு.
மூன்றாவது தடவையும் வைத்தான்.
"மரமென்றால் இரண்டே போதும்," என்றான்.

பத்து நாளில் பொட்டலம் வந்தது.
மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்,
குப்பை போடுகிற சாக்கில்.
மூடியில் இன்னும் இருந்தது அந்தக் காகிதம்,
பிளாஸ்டிக் உறைக்குள், எழுத்துப்பிழையோடு:
உள்ளே உடைந்த கண்ணாடி. கை பத்திரம்.

அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு பஸ் நிறுத்தம்.
வருஷம் முழுக்க சனிக்கிழமைகளில்
ஏழு பத்து வண்டிக்காகக் காத்திருந்து
எத்தனை டிரைவர்களைத் திட்டியிருப்பேன்.
அட்டவணையின் அடியில் கடுகளவு எழுத்தில்
சனிக்கிழமை கிடையாது என்று போட்டிருக்கிறது.
மொத்தம் நாற்பத்தொன்பது பவுண்டு.
நடக்க ஆரம்பித்தேன்.