காலர் அளவு பதினைந்தரை

ரோச்டேலில், கால்வாய்க்குப் பின்னால்,
செங்கல் போல வண்ணம் பூசிய ஒட்டுப்பலகைத் தெரு ஒன்று.
பின்ஃபோல்ட் ரோ.
வாரத்தில் மூன்று மாலை
நாடே அதன் ஜன்னல்களுக்குள் எட்டிப் பார்க்கும்.
அதன் உடுப்பு அறையில் முப்பத்தெட்டு வருடம் இருந்தேன்.
மற்றவர்களுக்கு முகம் நினைவிருக்கும்,
எனக்குக் கழுத்து.

எழுபத்தொன்பதில் வந்தார் வில்ஃப்ரெட் ஆர்மரோட்.
காலர் பதினைந்தரை. இடது தோள் அரை அங்குலம் தாழ்வு.
பால்காரன் வேடம். மூன்று வசனம்,
அதில் ஒன்று "குளிருது."

நான்கு வருடம் கழித்து அதே தோள்,
இம்முறை போலீஸ் கோட்டுக்குள்.
வாசலில் பால் திருடிய பையனைப் பிடித்தார்.
"நீங்க வச்சுட்டுப் போன பாலா?" என்றேன்,
குண்டூசிகளை வாயில் கவ்வியபடி.
அவர் சிரிக்கவில்லை.
அந்தப் பால்காரன் மேல் அவருக்கு மரியாதை இருந்தது.

எண்பத்தாறில் லென் ஆனார்.
டோரீனின் இரண்டாவது கணவன்.
கல்யாணம், ஒரு கானரிப் பறவை,
பதினான்கு மாதக் குடித்தனம்.
பிறகு கதைக்காரர்களுக்கு ஒரு தீ விபத்து தேவைப்பட்டது.
அவர் சாவதற்கான சட்டையை நான்தான் சுட்டேன்,
பாதி இஸ்திரிப் பெட்டியால், பாதி மெழுகுவர்த்தியால்.
நல்ல சட்டை.
பர்மிங்காமிலிருந்து யாரோ நிஜமான மலர்வளையம் அனுப்பினார்கள்.
உணவகத்துக் குளிர்பெட்டியில், தயிருக்குப் பக்கத்தில்,
இரண்டு நாள் கிடந்தது அது.

டோரீனாக நடித்தவர் ம்யூரியல் ஹாஸ்லம்.
தொடங்கிய நாளிலிருந்து டோரீன் மட்டுமே.
சந்தையில் மீன்காரன்
"டோரீனம்மா" என்று ஒரு துண்டு கூடப் போடுவான்.
வில்ஃப்ரெடைப் பார்த்தால் கண்ணைச் சுருக்குவான்:
"உங்களை எங்கேயோ...
எங்க வீட்டு பாய்லர் பார்க்க வந்தீங்களா?"
"ஆமா," என்பார் வில்ஃப்ரெட்,
"இப்ப ஒழுங்கா ஓடுதா?"

தொண்ணூற்றைந்தில் மருத்துவர்.
கிளிப்போர்டைப் பார்த்தே பேசினார்,
நிமிர்ந்தால் யாராவது லெனைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று.
இரண்டாயிரத்து மூன்றில் நீதிபதி.
குதிரைமுடித் தொப்பி காதை அரித்தது.
கூண்டில் டோரீனின் மகன்,
லென் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த பையன்.
ஆறு வருடம் தண்டனை விதித்தார்.
பார்வையாளர் வரிசையில் அழுதாள் டோரீன்,
நீதிபதியை அவளுக்கு யாரென்றே தெரியாது.

அந்தத் தெருவுக்கு மறதிதான் அஸ்திவாரம்.
அது இல்லாவிட்டால்
யாரும் யாருக்கும் தேநீர் ஊற்ற முடியாது.

கடைசியாக வந்தபோது எழுபத்திரண்டு வயது.
அளவெடுத்தேன், பதினான்கரை.
"டேப் சுருங்கிடுச்சு போல," என்றார்.
ஆமாம் என்றேன்.
பெயர் இல்லாத பாத்திரம்: நகரசபை ஆள்.
சாய்ந்துபோன கல்லறைக் கற்களை நிமிர்த்த வேண்டும்.
கண்ணாடியிழையில் வார்த்த கல்,
முன்னால் லெனின் பெயர்.
பின்பக்கம் யாரோ சூயிங்கம் ஒட்டியிருந்தார்கள்.

டோரீன் சாமந்தியோடு வருகிறாள்.
"அவரைத் தெரியுமா உங்களுக்கு?"
"இல்லைம்மா. நான் இந்த வேலைக்குப் புதுசு."
அத்தோடு காட்சி முடிகிறது, தாளில்.
ஆனால் ம்யூரியல் கை நீட்டி
அவருடைய காலரை மடித்துவிட்டாள்.
காமிரா ஓடிக்கொண்டிருந்தது.
அது என் வேலை. நான்தான் கவனிக்காமல் விட்டிருந்தேன்.
அவர் அசையவில்லை. இடது தோள் மட்டும்
இன்னும் கொஞ்சம் இறங்கிற்று.

அந்த நான்கு நொடியை வெட்டிவிட்டார்கள்.
ஒளிபரப்பானபோது
அவர் "புதுசு" என்றார், உடனே சோப்பு விளம்பரம்.

கோட்டு மாலையில் என்னிடம் திரும்பி வந்தது.
பையில் ஒரு சாமந்தி இதழ், துணிப்பூ உதிர்த்தது.
அடுத்த வாரம் அதே கோட்டு ஒரு பிளம்பருக்குத் தேவைப்பட்டது.
இதழை எடுக்கவில்லை நான்.
பையின் வாயைத் தைத்து மூடிவிட்டுக் கொடுத்தேன்.