செவ்வாய், அரை நாள்

கிரிம்ஸ்பி துறைமுகம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது.
மார்ச் பிறந்தும் ஜன்னலில் பனி இளகவில்லை.
நான் பெர்சிவல் டக்ஸ்ஃபோர்ட், கூலிக் கணக்கன்.
கம்பெனிக்கு மீன்பிடி நீராவிக் கப்பல்கள் பதினொன்று;
நேற்று வரை பன்னிரண்டு.

ஒரு கப்பல் எத்தனை மணிக்கு மூழ்குகிறது?
கடலுக்குத் தெரியும். கடல் கையெழுத்துப் போடாது.
முதலாளிகள் கூடித் தீர்மானித்தார்கள்:
'ரோசமண்ட்' கடைசியாகக் கண்ணில் பட்ட நேரம் வரை
கூலி உண்டு.

கண்டவன் வேறொரு கப்பலின் மாலுமி.
தொப்பியைக் கசக்கியபடி சொன்னான்:
"பிப்ரவரி ஒன்பது. ஐஸ்லாந்துக்குத் தெற்கே.
காலை பதினொன்றரை இருக்கும்.
புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது.
பனிப்புயல் ஒரு திரை போட்டது.
திரை விலகியபோது
கடல் மட்டும்தான்."

நண்பகலுக்கு முன்.
பங்குக்காரர் இருவர் போக
கூலிக்காரர் ஏழு பேரின் பெயருக்கு நேரே
ஏழு முறை எழுதினேன்: செவ்வாய், அரை நாள்.
பேனா எங்கும் தடுக்கவில்லை.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

லவீனியா ஆஸ்கர்பி வெள்ளிக்கிழமை வந்தாள்,
கொதிகலனுக்குக் கரி அள்ளும் ஈனாக்கின் மனைவி.
கறுப்பு உடுத்தியிருக்கவில்லை.
மீன் அறுக்கும் கொட்டகையிலிருந்து நேராக வந்தவள்
முழங்கை வரை செதில்.
உட்காரச் சொன்னேன். நாற்காலி நாறும் என்றாள்.

தாளை விரல் வைத்துப் படித்தாள்.
பற்று: வைக்கோல் மெத்தை ஒன்று, புகையிலை,
பூட்ஸ் ஒரு ஜோடி, பதினெட்டு ஷில்லிங்.

"பூட்ஸையும் கழித்திருக்கிறீர்களா?"
"கம்பெனிக் கடையில் கடனுக்கு வாங்கியது, அம்மா."
"புதுசு. இந்தப் பயணத்துக்குத்தான் வாங்கினார்.
அதிகம் தேய்ந்திருக்காது.
போய் எடுத்துக்கொள்ளுங்கள்."

பக்கத்து மேசையில் தட்டச்சு நின்றது.

விரல் இன்னும் கீழே இறங்கியது.
"செவ்வாய்க்கிழமை, மத்தியானத்துக்கு மேலே,
என் புருஷன் என்ன செய்தார் என்கிறீர்கள்?
கையைக் கட்டிக்கொண்டு நின்றாரா?
எனக்கு அந்த மனுஷனைத் தெரியும்.
தண்ணீர் இடுப்புக்கு ஏறினாலும்
தீ அணையாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.
அது வேலையில்லையா?"

"விதி அப்படி" என்றேன்.
நான் சொன்னது கம்பெனி விதியை.
அவள் வேறு எதையோ கேட்டவள் போல
என் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

பதினோரு ஷில்லிங், நான்கு பென்ஸ்.
இருமுறை எண்ணினாள்.
நாணயத்தில் ஒட்டிய செதிலைச் சுரண்டி
என் மேசையில் விட்டுப் போனாள்.

அந்தப் பக்கத்தை முடித்தேன்.
பற்று, அடி வரை நிறைந்திருந்தது.
வரவு இல்லை.

ஜூனில் நார்வேக்காரர் ஒருவர் அனுப்பிய மீன்பெட்டி வந்தது,
எங்கள் முத்திரை பதித்தது.
கிடங்குக்காரன் ஹெசக்கையா வாசலில் நின்று கேட்டான்:
"இதை எதில் எழுத?"
திறந்து பார்த்தோம். மணல், ஒரு பாசிக் கொத்து.
ரோசமண்டின் பக்கத்தைத் தேடி எடுத்து எழுதினேன்:
வரவு, மரப்பெட்டி ஒன்று.
அடிப்பலகையில் விரிசல்.

இரண்டு ஷில்லிங், அந்த மிச்ச அரை நாளுக்கு.
என் பையிலிருந்து கொடுத்திருக்கலாம்.
கொடுக்கவில்லை.
கொடுத்தால் வாங்கியிருப்பாளா என்று
எனக்கு நானே கேட்டுக்கொண்டதும்
கொடுக்காமலிருக்கத்தான்.

இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமை
பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும்
ரொட்டிப் பொட்டலத்தோடு எல்லோரும் வெளியேறுகிறார்கள்.
மேலாளர் கேட்டால் கூட்டல் சரிபார்க்கிறேன் என்பேன்.
சங்கு ஓய்கிறது, பேனா காய்கிறது,
கீழே எங்கோ மண்வாரி கரியில் உரசுகிறது,
இந்தக் கட்டடத்தின் அடுப்புதான், தெரியும்,
ஆனாலும் அது நிற்கும் வரை
எழுந்திருக்க முடிவதில்லை.