இருநூறு கிராம்

கேப்பர் மலைச் செம்மண் சரிவில்
ஏழு மணிக்கே வெயில் ஏறிவிட்டது.
கடற்காற்று பத்துக்கு மேல்தான் வரும்,
அதற்குள் முடித்தாக வேண்டும்.

சங்கத்துக்கு வந்த புதுத் துப்பாக்கி.
புள்ளி இருபத்திரண்டு, போல்ட் வகை, கனத்த குழல்.
தெர்மோகோல் துணுக்கொன்று இன்னும்
கட்டையில் ஒட்டியிருக்கிறது.
செயலாளர் வில்வநாதன் மூன்று தரம் சொல்லிவிட்டார்:
"மேடம், கையெழுத்து உங்களோடது."

போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்கினேன்.
பாதிவழியில் ஒரு கரகரப்பு,
மணல் விழுந்த பூட்டு மாதிரி.
இருபது தரம் இழுத்தபின்
கொஞ்சம் வழிக்கு வந்தது.

அப்புறம் விசை.
அறை காலி என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்து
போலித் தோட்டா ஒன்றைப் போட்டேன்.
இழுக்க ஒரு கிலோ என்கிறது கையேடு.
ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் கருவிகள் பூட்டுக்குள்.
கையில் இருந்தது
நேற்று துறைமுகத்தில் ஏலக்காரர் செபஸ்தியிடம்
இரவல் வாங்கிய கொக்கித் தராசு,
சங்கரா வாடையோடு.

விசையில் கொக்கியை மாட்டி
மெல்லப் பின்னால் இழுத்தேன்.
ஆயிரத்து இருநூறு.
மறுபடி. ஆயிரத்து இருநூற்றுப் பத்து.
மறுபடி. ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு.
பத்துத் தரமும் அந்த வட்டாரம்தான்.

"கம்பெனிக்காரன் புளுகிட்டான்" என்றார் வில்வநாதன்.

எடைக்கல்லுக்கு முத்திரை குத்துவது
அரசு எனக்குக் கொடுத்த வேலை.
சந்தேகம் சம்பளத்தோடு வந்துவிடும்.
ஸ்கூட்டர் டிக்கியில் எப்போதும் கிடக்கும்
ஒரு கிலோ பித்தளைக் கல்லை
எடுத்துவந்து தொங்கவிட்டேன்.
ஆயிரத்து இருநூறு.

ஆக, துப்பாக்கி சொன்னது நிஜம்.
நேற்று ராத்திரி குழம்பு
ஏன் மூன்று பேருக்குப் பற்றவில்லை என்பதும்
இப்போதுதான் விளங்கியது.
ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்,
எத்தனை தரம் மாட்டினாலும் அதே இருநூறு.
நடுக்கமே இல்லாத பொய்.

ஐம்பது மீட்டர். மணல்மூட்டை.
மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன்.
காய்ந்த முருங்கைக் குச்சி முறிகிற மாதிரி
விசை விட்டது, முன்தகவல் இல்லாமல்.
நல்ல விசை அப்படித்தான்,
விரலுக்கே அது செய்தி.

ஐந்து குண்டுகள்.
நான்கை ஒரு ரூபாய் நாணயம் மூடிவிடும்.
ஆனால் கறுப்பில் இல்லை.
கீழே, இடப்பக்கம் தள்ளி,
மையம் இதுதான் என்று யாரோ சொன்னதை நம்பி
கூட்டமாக உட்கார்ந்திருந்தன.
ஐந்தாவது மட்டும் தனியே மேலே.

"அத விட்ருங்க மேடம், நாலு போதும்."

தொலைநோக்கித் திருகாணியை
மேலே பத்துக் க்ளிக், வலப்பக்கம் ஒன்பது.
அடுத்த ஐந்தும் கறுப்புக்குள் போய் விழுந்தன.
சீராகத் தப்புகிறவற்றுக்குத் திருகாணி உண்டு.
முதல் வரிசையின் ஐந்தாவதுக்குத்தான் இல்லை.
அப்போது நான் செபஸ்தியை நினைத்துக்கொண்டிருந்தேன்,
என்ன வழக்குப் போடலாம் என்று.

படிவத்தை நிரப்பினேன்.
விசை: ஒரு கிலோ, சீரானது.
போல்ட்: பழகினால் சரியாகும்.
குழல்: நன்று.
தவறிய குண்டு ஒன்று: சுட்டவர் பிழை.

எழுதிவிட்டுத் தராசைத் திருப்பினேன்,
ஈய முத்திரையைப் பிரித்த தடம் தேடி.
பிரிக்கவில்லை.
கம்பி முறுக்கு அப்படியே.
போன தை மாதத் தேதி, என் எண்,
என் கைக்கே உரிய
கொஞ்சம் சாய்ந்த குத்து.

அன்றைக்கே இருநூறு கூடுதலா,
இல்லை, உப்பில் நைந்து பிறகு சுருள் தளர்ந்ததா?
அன்று வரிசையில் எத்தனையாவது தராசு இது?
சாப்பாட்டு நேரமா?

"முடிஞ்சுதா மேடம்?"

காற்று வந்துவிட்டது.
முந்திரி இலைகள் ஒருபக்கமாய்ப் புரண்டன,
படிவம் மேசையை விட்டுக் கிளம்பப் பார்த்தது.
பித்தளைக் கல்லை அதன்மேல் வைத்தேன்.
கையெழுத்து இன்னும் போடவில்லை.