முந்தைய பயணத்தில் நடந்தவை

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு மேலே
ஜெராக்ஸ் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
இரண்டாம் பாகத்தைத் திறந்தேன்.
மூன்று வாரமாய் ஐப்பசி விடவில்லை.
பேப்பர் கட்டுகள் அப்பளமாய் நமத்துப்போகும் என்று
அலமாரிக்குள் நாற்பது வாட் பல்பு
இரவும் பகலும் எரிகிறது.

பழைய பயணத்தின் கோப்பைக் கேட்டது.
இல்லை.
பூஞ்சை பிடித்த ஹார்ட் டிஸ்கோடு போயிற்று
எழுபத்தாறு மணி நேரம், நான்கு கிரகங்கள்,
சண்டை போட்டுப் பெயர் வைத்த ஒரு கப்பல்.
"பரவாயில்லை, கேப்டன்" என்றது திரை.
"நினைவிருப்பதைச் சொல்லுங்கள். நம்புகிறோம்."

நம்புகிறார்களாம்.

முதல் பாகத்தை இரண்டு பேராய் ஆடினோம்.
சண்டை போஜராஜுடையது. பேச்சு என்னுடையது.
துப்பாக்கி ஓயும்வரை நான் டீ ஊற்றுவேன்.
எவனாவது வாய் திறந்தால்
"வா, உன் ஆளு பேசுறான்" என்று
நாற்காலியை விட்டு எழுந்துகொள்வான்.
விண்கல் வியாபாரிகளிடம் பேரம் பேசினேன்,
கைதிகளை அவிழ்த்துவிட்டேன்,
எரிபொருள் திருடிய பையனிடம் சாப்பிட்டாயா என்று கேட்டேன்.
"நீ பேசிப் பேசியே
எனக்கு வேலை இல்லாம பண்ணிடுவ."

கடைசியில் உலை அறை.
உள்ளே பீரங்கிக்காரி தோமெக்கா.
கதவை அடைத்தால் கப்பல் தப்பும்,
திறந்தால் அவள்.
பத்து நொடி.
எனக்கு எல்லா வாக்கியமும் தப்பாகப் பட்டது.
எதையும் அழுத்தவில்லை.
வாய் திறக்காததையும் ஒரு பதிலாக
எடுத்துக்கொள்ளும் விளையாட்டு அது.
கதவு தானாக மூடியது.

அந்த மாதமே கல்லாவில் ஆறாயிரம் குறைந்தது.
முதலாளி எங்களை நிற்க வைத்து
என்னைப் பார்த்துக் கேட்டார்:
"இவனா?"
அன்றைக்கு நொடிகளை யாரும் எண்ணவில்லை.

பணம் பிறகு பாண்டு பேப்பர் கட்டுக்குள் கிடைத்தது.
அதற்குள் போஜராஜ் மேட்டுப்பாளையத்தில்
உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கு எழுதப் போய்விட்டான்.

தோமெக்காவைக் காப்பாற்றினீர்களா?
ஆம்.

வந்தாள்.
நெற்றியோரம் ஒரு கொத்து நரை, அதே கிழிந்த கையுறை.
ஓடிப்போய் முன்னால் நின்றேன்.
"எல்லாம் சரியாக இருக்கிறது, கேப்டன்."
மறுபடி பேசினேன்.
"எல்லாம் சரியாக இருக்கிறது, கேப்டன்."
குறி தப்பாமல் சுட்டாள்.
கதையில்தான் அவளுக்கு இடமில்லை.
பிழைத்து வருகிறவளுக்கென்று
நாலு வரிக்கு மேல் எவரும் எழுதிவைக்கவில்லை.

இரண்டு மணிக்கு எல்லாவற்றையும் அழித்துவிட்டு
முதலிலிருந்து தொடங்கினேன்.
இல்லை, என்று அழுத்தினேன்.

இப்போது கப்பல் முழுக்க அவள்தான்.
சமையல்காரன் ஒரு தட்டைக் கூடுதலாக எடுத்து
ஒன்றும் சொல்லாமல் உள்ளே வைக்கிறான்.
பீரங்கி இருக்கையில் விமானி தன் கோட்டைக்கூட மாட்டுவதில்லை.
முதல் பாகத்தில் இல்லவே இல்லாத ஒரு தம்பி
மூன்றாம் தளத்தில் காத்திருக்கிறான்:
"அன்றைக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

கீழே நான்கு பதில்கள்.
நான்கும் அழகாக எழுதப்பட்டவை.
இந்தத் தடவை கடிகாரம் இல்லை.
எதைத் தொட்டாலும் அவன் துப்பாக்கியை எடுக்கிறான்.

சரி, சண்டை.
மறைவிலிருந்து எப்போது எழ வேண்டும்,
கவசம் மறுபடி ஊற எத்தனை மூச்சு,
எதுவும் தெரியாது எனக்கு.
ஏழு தடவை செத்தேன்.

ஷட்டர் இடுக்கில் ஏதோ மூச்சு விட்டது.
காட்டெருமை.
மழையில் நின்று ரேஷன் கடைச் சுவரை முகர்ந்துகொண்டிருந்தது.
ஆட்டத்தை நிறுத்திவைத்தேன்.
அது கிளம்பும்வரை
தம்பியின் குண்டு என் நெற்றிக்கு ஒரு முழம் முன்னால்
அந்தரத்தில் நின்றது.

கீழே மேட்டுப்பாளையம் முதல் பஸ்
இன்ஜினைச் சூடேற்றுகிறது.

ஹார்ட் டிஸ்க்தான் புதிது, விசைப்பலகை பழையது.
இடது பக்கம் நான்கு விசைகளில் எழுத்தே இல்லை.
வழவழவென்று, நடுவில் லேசாகக் குழிந்து.
விரல்களை வைத்துப் பார்க்கிறேன்.
அவன் விரல் பருமன்.