பன்மை விகுதி

ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலையில்
எடைமேடைக் கண்ணாடிக் கூண்டுக்குள்
பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.
லாரி ஏறும். எண் ஓடி நிற்கும்.
பழத்தைக் கொட்டிவிட்டு வெறும் லாரி திரும்பும்.
முதல் எண்ணில் இரண்டாவதைக் கழித்தால்
பழம்.
யார் கொண்டுவந்தது என்று மேடை கேட்பதில்லை.
கேட்டு எழுதுவது நான்.

மார்ச்சில் உதிரிப்பழ மூட்டைகள் காணாமல் போயின.
ஒன்று, மூன்று, பிறகு
ஒரே இரவில் பதினாறு.
மறுநாள் பசியாறப் போன ஒட்டுக்கடையில்
கல்லில் ரொட்டி புரள்வதற்குள்
தீர்ப்பு வெந்துவிட்டது.
"பங்ளாதேஷ்காரனுங்கதான். வேற யாரு?"
கொங்சிக்குப் பின்னால் வேலிக் கம்பி வளைந்திருந்ததாம்.
"அவனுங்க ரத்தத்துலயே இருக்கு" என்றார்
டிராக்டர் ஓட்டும் செல்வமணியம்.
நான் தே தாரிக்கை ஆற்றியபடி
தலையாட்டினேன்.
ஆட்டினேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

அவர்கள்,
தமிழில் அது மரியாதைச் சொல்.
அப்பாவின் கருமக்கிரியை நோட்டீசில்
பெயருக்குப் பின்னால் அதை அச்சடித்தோம்.
அதையே கொஞ்சம் நசுக்கி
"அவனுங்க" என்று எறிந்தால்
நாற்பது பேருக்கு ஒரே முகம் வந்துவிடுகிறது.
அதில் ஒரு முகத்தை நான் தினமும் பார்க்கிறேன்.
லாரியோடு வந்து சீட்டு நீட்டுகிறவன்,
கைப்பேசி உறைக்குள் மகளின் படம் வைத்திருப்பவன்.
அன்று காலை அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

மூன்று நாள் கழித்துக் கேமராவில்
ஒரு மோட்டார், ஒரு நம்பர் பிளேட்.
கீழ் டிவிசன் பச்சையம்மாள் மகன் லோகேந்திரன்.

உடனே அவனுக்கு வாழ்க்கை வரலாறு முளைத்தது.
அப்பா ஜோகூருக்குப் போய்த் திரும்பாதது,
ஐந்தாம் படிவத்தில் கணக்குப் போனது,
தெலுக் இந்தானில் சேர்ந்த கூட்டாளிகள்,
இரண்டு மாதம் கட்டாத தவணை.
"நல்ல பையன்லா, பாவம்."
அதே ஒட்டுக்கடை. அதே செல்வமணியம்.
பதினாறு மூட்டையும் ஒருமைக்குள் அடங்கின:
அவன், லோகு, நம்ம லோகு.
ரத்தத்தைப் பற்றி
ஒருவரும் பேசவில்லை.

கொங்சிக்குப் போய் யாரும் எதுவும் சொல்லவில்லை.
வேலியை மட்டும் நிர்வாகம் மாற்றியது,
இன்னும் ஒரு முழம் உயரமாக.

போன வருடம் டவுனில் வாடகை வீடு கேட்டு
போன் செய்தேன். இருக்கிறது என்றது குரல்.
பெயர் கேட்டது, சொன்னேன்.
"ஓ, ஓராங் இந்தியா கா?"
இருந்த வீடு
அந்தக் கேள்விக்குள்ளேயே இல்லாமல் போனது.
என் சம்பளச் சீட்டு, இரண்டு பிள்ளைகள்,
செருப்பை வாசலில் நேராக விடும் என் பைத்தியம்
எல்லாவற்றையும் கழித்துவிட்டு
மிச்சத்தை எடை போட்டார்கள்.
அன்றைக்குக் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதவள்தான்
இன்றைக்குத் தே ஆற்றியவளும்.

நமக்கு இரண்டு சொல் உண்டு.
நாங்கள் என்றால் கேட்பவன் வெளியே நிற்பான்,
நாம் என்றால் உள்ளே வருவான்.
மலாயிலும் அப்படியே, காமி, கித்தா.
சீட்டு நீட்டுகிறவன் மலாய் கற்றது லாரிக்காரர்களிடம்.
அவனுக்குக் கித்தா மட்டும்தான் தெரியும்.
"கித்தா புன்யா லோரி" என்கிறான்.
நம்முடைய லாரி.
யாருடையதோ ஆன அந்த லாரியை
எனக்கும் பங்கு வைத்துச் சொல்கிறான்.

சீட்டில் கொண்டுவந்தவர் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு.
இத்தனை நாளும் அதில் "பங்ளா 3" என்று எழுதிவந்தேன்.
இன்று பேனாவை நிறுத்திப்
பெயர் என்ன என்று கேட்டேன்.

அவன் முகம் வெளுத்தது.
ஒரு கை தானாகப் பின்பாக்கெட்டில் பர்மிட்டைத் தேடியது.
"நான் ஒன்றும் எடுக்கவில்லை, காக்கா."

பின்னால் அடுத்த லாரி
ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தது.