விடப்பட்டது: பதினொன்று

இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினான்கு சோதனைகள்.
யார் எந்த வரியைத் தொட்டாலும்
அத்தனையும் முதலிலிருந்து ஓடும்.
ஓடி முடித்து
நாலாயிரம் வரி மூச்சிரைக்கும்.
அதை மனிதர் படிக்கும்படி ஆக்குவது
இந்த வாரம் என் வேலை.

கசவனஹள்ளி, மூன்றாம் மாடி, இரவு பதினொன்றே கால்.
திறந்தால் குழாயில் காற்று.
நாங்கள் எழுதுவது தண்ணீர் லாரிக்குப் பதிவு செய்யும் செயலி.
வீட்டில் யாரும் இதைச் சிரிக்காமல் சொல்வதில்லை.

முதலில் பாதைகளை வெட்டினேன்.
ஏழு அடைவுக்குள் ஒளிந்த கோப்புக்குக்
கடைசிப் பெயர் போதும்.
மூன்று மில்லிநொடியில் முடித்தேன் என்று
பீற்றிக்கொண்டவற்றின் வாயை அடைத்தேன்.
இரண்டு நொடி தாண்டியவை மட்டும்
காரணம் சொல்லட்டும்.

பிறகு கட்டங்கள்.
எல்லா வரியும் நேராக நின்றன,
'பூங்கொடி என்ற பெயர் பதிவாகிறதா' தவிர.
அங்கே மட்டும் வலது சுவர்
உள்ளே இடிந்து கிடந்தது.
எட்டு என்று எண்ணி இடம் விட்டிருக்கிறது இயந்திரம்.
பூ. ங். கொ. டி.
திரைக்கு முன் விரல் மடக்கிக் காட்டினேன்.
புள்ளியையும் சுழியையும்
தனித்தனி ஆளாகத் தலையெண்ணும் பிறவிக்கு
ஒரு பெயரின் அகலம் எங்கே தெரியப்போகிறது.
அதைச் சரிசெய்ய ஒன்றரை மணி ஆயிற்று.

காலையில் முபஷிர் என் மேசைக்கு வந்தார்.
"அழகா இருக்கு. இதில் எது விழுந்தது?"
சிவப்பா இருக்கே, அது.
"அதைத்தான் கேட்கிறேன்."

நான்கு வருடமாக
ஒவ்வொரு வெளியீட்டுக்கும் சம்மதம் தருபவர்.
பச்சையும் சிவப்பும் அவருக்கு
ஒரே புளிக்குழம்பு.
அப்போ இத்தனை நாள்?
"ஜெரால்டு இருந்தவரை ஜெரால்டு முகத்தைப் பார்ப்பேன்.
இப்போ உன் முகம்."

நிறங்களை எடுத்துவிட்டு எழுத்தில் எழுதினேன்.
தேறியது. விழுந்தது.
மூன்றாவதாக ஒன்று இருந்தது,
இதுவரை வெளிர்சாம்பலில்,
சுவரோடு சுவராக:
விடப்பட்டது. பதினொன்று.

அதில் நாலாவது:
'லாரி வராவிட்டால் பணம் திரும்புகிறதா.'
விட்ட காரணம்: பிறகு பார்க்கலாம்.
விட்டவர்: ஜெரால்டு.
நானூற்று இருபது நாட்கள்.
ஜெரால்டு இப்போது டப்ளினில்
மழையைப் படமெடுத்து அனுப்புகிறான்.

சுசரிதா எட்டிப் பார்த்தாள்.
"விடப்பட்டதை அடியில் போடேன், சின்னதா.
வெள்ளிக்கிழமை முதலீட்டாளர்கள் பார்ப்பாங்க."
நியாயமாகத்தான் கேட்டாள்.
ஒரு வரி மாற்றம்.
சரி என்றேன்.

சாயங்காலம் வாசலில் இரண்டு வாளியோடு
காவலாளியிடம் கேட்டேன்.
"பர்த்தாரெ மேடம், பர்த்தாரெ."
ஏழு மணிக்கும் பர்த்தாரெ.
ஒன்பதுக்கு அவரே உறங்கிவிட்டார்.
கைபேசியில் எங்கள் செயலி,
எங்கள் பச்சை, எங்கள் எழுத்துரு:
விநியோகம் முடிந்தது. நன்றி.

மேலே வந்து
அந்த ஒரு வரியை மாற்றினேன்.
அடியில் அல்ல.
நீண்ட நாள் விடப்பட்டது முதலில் என்று.
பிறகு நாலாவதன் தலையிலிருந்து
ஜெரால்டின் சொல்லை அழித்தேன்.

ஓடியது அத்தனையும், முதலிலிருந்து.
தலை துவட்டாமல் காத்திருந்தேன் என்று எழுத ஆசை,
தலை நனைய வழியில்லை.

விடப்பட்டது: பத்து.
விழுந்தது: ஒன்று.
எதிர்பார்த்தது: ஆயிரத்து நானூறு ரூபாய்.
கிடைத்தது: பூஜ்யம்.

கட்டங்கள் எல்லாம் நேராகத்தான் இருக்கின்றன.
முபஷிருக்கு இணைப்பை அனுப்பிவிட்டு
முகத்தைத் துடைத்துக்கொண்டேன்,
ஈரத்துணி இல்லாமல்.